ஏழு மணிக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை

சிரம்பானில் உள்ள அந்தத் தனியார் கண் மையத்தில், அறுவை சிகிச்சை முடிந்த நாலாவது வாரம், என் வலது கண் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிட்டது. தாதி கைதட்டினாள். டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்கு மூன்று நாள் முன்புதான் அதே கண்ணை வைத்துக்கொண்டு நான் ஒரு மனிதனை வேனால் இடித்துத் தள்ள இருந்தேன். அதைச் சொன்னால், "பார்வை நூற்றுக்கு நூறு இருக்கிறதே" என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன் என்பதால் சுடச்சுட எழுதுகிறேன்.

என் பெயர் சரஸ்வதி. வயது ஐம்பத்தாறு. லாபு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளியில் விடும் வேன் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் தொழில். இப்போது பதினான்கு பிள்ளைகள். காலையில் ஏற்றுவேன், மதியம் கொண்டுவந்து விடுவேன். ஒருநாள்கூட ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கண் மங்கியபோது நான் முதலில் சந்தேகப்பட்டது வேனின் முன்கண்ணாடியைத்தான். சோப்புப் போட்டுக் கழுவினேன். வைப்பர் மாற்றினேன். "கண்ணாடிய இன்னும் தேச்சா ஓட்டை விழுந்துரும் சரசு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் காவலுக்கு இருக்கிறார். வாய் மட்டும் முதலாளி வாய். பள்ளி வேன் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கண் சோதித்தார்கள். அங்கேதான் சொன்னார்கள், இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம் என்று.

புரை என்றால் கண்ணுக்குள் பிறப்பிலிருந்தே இருக்கும் லென்ஸ் வெளுத்துப்போவது. சவ்வரிசி வேக வேகக் கண்ணாடியாகும். இது வயதாக ஆக வெள்ளையாகும். மருந்து கிடையாது. கருவிழி ஓரத்தில் சின்னதாக வெட்டி, பழைய லென்ஸைக் கரைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள்ளேயே செயற்கை லென்ஸ் ஒன்றை மடித்து நுழைத்து விரித்துவிடுகிறார்கள். இவ்வளவுதான் வேலை. ஆனால் எந்த லென்ஸை வைப்பது என்பதில்தான் எல்லாக் கதையும் இருக்கிறது.

அரசாங்க மருத்துவமனையில் தேதி கிடைக்க மாதக்கணக்காகும் என்றார்கள். என் மகள் ரேவதிக்கு அது பொறுக்கவில்லை. சிரம்பானில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள், கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். "நீ ஒண்ணும் பேசாத மா. பெரியம்மா பண்ணுன மாதிரியே பண்ணிரலாம்" என்றாள். பெரியம்மா என்பது ரெம்பாவில் இருக்கும் என் அக்கா. இரண்டு கண்ணிலும் விலை கூடின லென்ஸ் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்து எங்களுக்கெல்லாம் காட்டியவர்.

கண் மையத்துக் காத்திருப்பு அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. சோபா, மீன் தொட்டி, இலவச மைலோ பானம் எல்லாம் உண்டு. ஒன்பது விதமான சோதனை செய்தார்கள். கண்ணின் நீளத்தை அளந்தார்கள், வளைவை அளந்தார்கள், உள்ளே ஒரு பச்சைக் கோட்டைப் பார்க்கச் சொல்லி ஏதோ எண்களை எடுத்தார்கள். பிறகு ஆலோசகர் என்று ஒரு பெண், நம் தமிழ்ப் பெண்தான், தட்டுக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள்.

மூன்று படம் காட்டினாள். முதலாவது சாதா லென்ஸ். தூரம் மட்டும் தெளிவாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். இரண்டாவதின் மேல் மரத்தை வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி வளையம் வளையமாக இருந்தது. உள்ளே வரும் வெளிச்சத்தை அந்த வளையங்கள் தூரத்துக்கு ஒரு பங்கு, நடுவுக்கு ஒரு பங்கு, கிட்டத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கும், கண்ணாடியே வேண்டாம். மூன்றாவது இரண்டுக்கும் நடுவே. தூரத்திலிருந்து சமையல் மேடை தூரம் வரைக்கும் இழுத்துக் காட்டும், சின்ன எழுத்துக்கு மட்டும் கண்ணாடி போட வேண்டியிருக்கும். வளைய லென்ஸ்தான் மேல் ரகம் என்றாள். விலையும் மேலேதான் இருந்தது.

"இதுல ஒரு விஷயம் ஆன்ட்டி. இருட்டுல லைட்டைச் சுத்தி வட்டம் மாதிரி தெரியலாம். ராத்திரி ஏழு மணிக்கு மேல வண்டி ஓட்டுவீங்களா?"

"இல்லம்மா. ஏழு மணிக்கு நான் டிவி முன்னால உக்காந்துருப்பேன்."

"ஒம்போது மணிக்கெல்லாம் அம்மா குறட்டை" என்று ரேவதி சிரித்தாள்.

அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே ஒரு கட்டத்தில் கோடு போட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஏழு மணிக்கு மேல் நான் வேனைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. ஆனால் காலையில் ஐந்தே முக்காலுக்கு வேனை எடுக்கிறேன். இந்த நாட்டில் ஏழு மணியைத் தாண்டித்தான் வெளிச்சம் வருகிறது. அதுவரை செம்பனைக் காட்டு ரோடு கும்மிருட்டு. தோட்டத்தில் பிறந்த எங்களுக்கோ வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடித்துவிட்டால் விடிந்துவிட்டது. மேற்பார்வை பார்க்கும் தண்டல் வந்து தலை எண்ணும் அந்த நேரத்தை யாரும் இருட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது காலை, அவ்வளவுதான். அதனால் எனக்கே அந்தக் கேள்வி என் வேலையைப் பற்றியது என்று தோன்றவில்லை. மடத்தனம் என்றால் மடத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கையெழுத்துப் போட்ட தாளின் முதல் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், பள்ளி வேன் ஓட்டுநர் என்று ரேவதி கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று தெரியாத ஆள் அந்தக் கட்டடத்தில் யார் இருந்தார்கள்?

அறுவை சிகிச்சையைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அது பெரிதாக ஒன்றுமில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். இமையை மூட முடியாதபடி ஒரு கம்பி மாட்டினார்கள். தலைக்கு மேலே வெளிச்சம், அதில் ரோஸும் நீலமுமாக ஏதேதோ கரைந்து ஓடியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் இரவு வேலை முடித்துத் தூங்காமல் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். கையில் என் செருப்பு. உள்ளே போகும்போது கழற்றி விட்டதை யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று எடுத்து வைத்துக்கொண்டாராம்.

முதல் இரண்டு வாரம் எனக்குத் திருவிழாதான். வீட்டுச் சுவர் மஞ்சள் என்று நினைத்திருந்தேன், வெள்ளை. தமிழ் நாளிதழைக் கண்ணாடி இல்லாமல் மரண அறிவித்தல் வரைக்கும் படித்தேன். மாத்திரை அட்டையில் எறும்பு மாதிரி எழுதியிருப்பதையும் படித்தேன். ரேவதிக்குப் போன் போட்டு அழுதேன். அவளும் அவள் புருஷனும் வீடு வாங்கச் சேர்த்ததில் எடுத்துத்தான் பணம் கட்டியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளை கொடுத்த கண் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை வெறும் வேனை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்தேன். தோட்டத்து வளைவு வரை சரி. அங்கே எதிரே ஒரு லோரி வந்தது. ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் வட்டம், சிலந்திவலை மாதிரி ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் புரையோடு இருந்த இடது கண்ணை மூடிப் பார்த்தேன். இன்னும் மோசம். கறுப்பு ரோடும் கறுப்பு மரமும் ஒரே சாம்பலாக இருந்தது.

"சரசு, ஆளு! ஆளு! பிரேக்கு!"

ரோட்டோரம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மழைக்கோட்டு போட்டிருந்தார். பம்பருக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவர் திரும்பிப் பார்த்து, என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வேன்காரம்மாவா? நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். வேனை ஓரம் கட்டிவிட்டு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன கைதட்டல் நடந்தது. பலகை வெள்ளை, எழுத்து கறுப்பு, அறையில் நல்ல விளக்கு. அதில் யாருக்குத்தான் தெரியாது? நான் நடந்ததைச் சொல்ல, ரேவதி ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொல்ல, அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். இரவில் ஓட்டுவதில்லை என்று கோடு போட்ட கட்டம்.

"நீங்கதான் ஆன்ட்டி இல்லன்னு சொன்னீங்க" என்றாள் ஆலோசகர் பெண்.

"ஏழு மணிக்கு மேலயான்னு கேட்ட, இல்லன்னு சொன்னேன். ஏழு மணிக்கு முன்னால யாரும்மா கேட்டா? வேன் ஓட்டுறேன்னு எழுதியிருக்குல்ல? புள்ளைங்க மத்தியானம் பன்னெண்டு மணிக்கா பள்ளிக்கூடம் போவுது? நீ எத்தன மணிக்குப் போன?"

அவள் தட்டுக்கணினியை மூடி வைத்தாள். ரேவதி என் கையைப் பிடித்து, "அம்மா, மெதுவா" என்றாள். எனக்கு அவள் மேலும் ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் அவள்தானே.

டாக்டர் சத்தம் போடவில்லை. மூளை பழகிக்கொள்ளும், மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் என்றார். இடது கண்ணிலும் இதே லென்ஸை வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்றார். லென்ஸ் இருக்கும் பைக்குப் பின்னால் லேசாகப் படலம் இருக்கிறது, லேசரால் துளை போட்டால் இன்னும் தெளியும் என்றார். அடுத்த வாரமே தேதி தருவதாகவும் சொன்னார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஏன் அன்றைக்கே தலையாட்டவில்லை என்று கேட்டால், கோபத்தில்தான். கோபமும் சில நேரம் உதவுகிறது.

பழகும் என்று காத்திருந்த மாதங்களில் மதியம் மட்டும் ஓட்டினேன். காலைக்கு வேறொருவரை ஏற்பாடு செய்தேன். அவர் ஒருநாள் வருவார், ஒருநாள் ஆறே முக்காலுக்கு வருவார். தோட்ட வீட்டு வரிசையில் கடைசி லயத்து அண்ணன் தம்பி இரண்டு பேரையும் அவர்கள் அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றி, இருட்டில், லோரிகளுக்கு நடுவே கொண்டுபோய் விட ஆரம்பித்தார். "நீங்க எப்பக்கா வருவீங்க?" என்று அந்தப் பிள்ளைகளின் தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் நூற்றுக்கு நூறு என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? மூன்று ஞாயிறு மறுபடியும் வெறும் வேனை ஓட்டிப் பார்த்தேன். வட்டங்கள் அப்படியே இருந்தன. நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சகஜம் என்று நினைக்க ஆரம்பித்தேன். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் அரசாங்க மருத்துவமனைக்கே போனேன். எண் சீட்டு, மர நாற்காலி, நாலு மணி நேரம். மருத்துவர் ஒரு மலாய்ப் பெண். என் சின்ன மகள் மாதிரி இருந்தார், எனக்குச் சின்ன மகள் இல்லாவிட்டாலும். மலாயில்தான் பேசினோம். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு விளக்கைக் குறைத்துவிட்டு வேறொரு பலகையைக் காட்டினார். அதில் எழுத்தின் அளவு ஒன்றுதான். நிறம் மட்டும் வரி வரியாக வெளிறிக்கொண்டே போனது. மூன்றாவது வரியில் எனக்குப் பலகையே காலியாகத் தெரிந்தது.

"மாக்சிக்குக்கு எழுத்து தெரிகிறது. மங்கலும் இருட்டும் பிரியவில்லை" என்றார். மாக்சிக் என்றால் மலாயில் அத்தை. வெளிச்சத்தை மூன்று பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைவுதானே என்றார். பகலில் வெளிச்சம் தாராளமாக இருப்பதால் அது தெரியாது, இருட்டில் பற்றாக்குறையாகும். லென்ஸில் குறை இல்லை, அறுவை சிகிச்சையிலும் குறை இல்லை, உங்கள் வேலைக்குத்தான் அது பொருந்தவில்லை என்றார். இந்த ஒரு வரியை முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் நான் பாதிக் கோபத்தை வீட்டிலேயே விட்டிருப்பேன்.

மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் லென்ஸை வைத்திருக்கும் பை நாளாக ஆக அதோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியலாம், கிழிந்தால் பார்வைக்கே ஆபத்து என்றார். இன்னும் ஆறு மாதம் ஆகாததால் பரவாயில்லை என்றார். "லேசர் செய்யவில்லையே? நல்லது. பையில் துளை போட்டிருந்தால் லென்ஸை எடுக்க நானே யோசித்திருப்பேன்." பொறுங்கள், பழகும் என்று ஒரு பக்கம் நாளைக் கடத்தி, துளையையும் போடக் கண் மையத்தில் நாள் குறிக்க இருந்தார்களே! மாற்ற நேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு வாய்ச்சொல் சொன்னார்களா?

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை.

"நல்லா தெரியுற கண்ணை எதுக்குமா திரும்ப வெட்டணும்? கிழிஞ்சா என்ன பண்ணுவ? காலையில ஓட்டுறத விட்டுருமா. நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்றாள் ரேவதி.

"நீங்க பாத்துக்குவீங்க. அந்தப் புள்ளைங்கள யாரு பாத்துக்குவா?"

"பெரியம்மாவுக்கு நல்லா இருக்குதுல்ல?"

"பெரியம்மா ஊசியில நூல் கோக்குறா. நான் ரோட்டுல வேன் ஓட்டுறேன். ரெண்டும் ஒண்ணாடி?"

அவள் அழுதாள். "உனக்கு இருக்கறதுலயே ஒசந்தது வாங்கிக் குடுக்கணும்னுதானே செஞ்சேன்" என்றாள். ஒசந்தது என்று நம்பித்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர்தான் இருவருக்கும் தேநீர் கலக்கி வைத்துவிட்டு, "கண்ணு அவளோடது, அவ முடிவு பண்ணட்டும்" என்றார். ஆனால் அவர் காலித் தட்டைப் பிடித்திருந்த விதத்தில் அவருக்கும் பயம் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான். ஒரு கண்ணை இழந்தால் மதிய ஓட்டமும் போய்விடும்.

மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அரசாங்க மருத்துவமனையில் நடந்த இரண்டாவது அறுவை சிகிச்சை முதலாவது போல இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள். உள்ளே ஏதோ இழுபடுவது வலியாக இல்லை, ஆனால் தெரிந்தது. வைத்த லென்ஸைத் துண்டாக நறுக்கி வெளியே எடுக்கிறேன் என்று மருத்துவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே செய்தார். நான் பதினான்கு பிள்ளைகளின் பெயரையும் ஏறும் வரிசைப்படி சொல்லிக்கொண்டு கிடந்தேன். பை கிழியவில்லை. சாதா லென்ஸ் உட்கார்ந்தது. கண் சிவந்து வீங்கி இறங்க மூன்று வாரம் ஆனது. பிறகு இடது கண்ணுக்கும் அதே சாதா லென்ஸ்.

ஆக, ஒரே கண்ணில் இரண்டு லென்ஸையும் வைத்துப் பார்த்தவள் நான். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வளைய லென்ஸில் நாளிதழும் போனும் மாத்திரை அட்டையும் அருமையாகத் தெரியும். இருட்டு மட்டும் குழம்பும். சாதாவில் இருட்டு இருட்டாகவும் விளக்கு விளக்காகவும் தெரியும். மரண அறிவித்தல் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும். வீட்டில் இருக்கும் என் அக்காவுக்கு அது சரி, எனக்கு இது சரி. எது மேல், எது கீழ் என்று விலை வைத்துப் படம் காட்டுகிறவர்களிடம், நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்து என்ன செய்கிறீர்கள் என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கடைசிப் பரிசோதனையில், எழுத்துப் பலகையில், வலது கண் முன்பைவிட ஒரு வரி குறைவாகப் படித்தது. தாதி சங்கடப்பட்டாள். எனக்கு அந்த ஒரு வரி வேண்டியதாக இல்லை. வெளிறிய எழுத்துப் பலகையில் ஏழு வரி படித்திருந்தேன்.

நான் திரும்பக் காலையில் ஓட்ட ஆரம்பித்த திங்கட்கிழமை, ரேவதி விடுப்புப் போட்டுவிட்டு முதல்நாளே வந்திருந்தாள். என் கண்ணை அவள் இன்னும் நம்பவில்லை. அதனால் நானும் வருவேன் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள். லயங்களில் ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றி, கடைசியாக அந்த அண்ணன் தம்பியையும் ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வந்தோம். எதிரே லோரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு விளக்கு, இரண்டு மட்டும். ரேவதி கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ இருட்டாமா?" என்றாள். "எனக்குத் தெரியவே தெரியாதுமா. நானும் ஆறு வருஷம் இந்த வேன்லதானே போனேன்."

"நீ எங்க பாத்த? ஏறி உக்காந்ததும் தூங்கிருவ."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பதினான்கு பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.